அவரவர் ஸ்வரம் அவரவர் வழியில்

சினிமாச் சங்கீதம் என்றதும் பாடகரையும் இசையமைப்பாளரையும் நினைக்கிற நாம், வாத்தியக்காரர்கள் வந்து உட்காருவதற்கு வெகுநேரம் முன்பே ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து, இன்னாருடைய விரல் இன்ன வாத்தியத்தைத்தான் பேசவைக்க வேண்டும் என்று வழி வகுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்கிற மனிதரை நினைப்பதே இல்லை. புரோகிராமர் என்று அவரை அழைக்கிறார்கள். சென்னை சாலிகிராமத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கும் சிறிய கூடமொன்றில், அத்தகைய இளைஞர் ஒருவருடைய காரியங்களை அருகிலிருந்து கவனிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

ஒருவர் வாசித்துப் போனபின் மற்றொருவர் வந்து அதன்மேல் வாசிப்பதே இக்காலத்து வழக்கம். அன்றைய ஏற்பாடு வேறு. அறுபதைக் கடந்த ஒரு பெரியவர் கீபோர்டில் வீணையையும், எதிரே ஓர் இளம்பெண் மற்றொரு கீபோர்டில் ஆர்மோனியத்தையும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஒரே சமயத்தில் வாசிக்க வேண்டும் என்று இசையமைப்பாளர் விரும்பியிருந்தார். கேட்டுக் கேட்டுப் பதில் சொல்லும் வாசிப்பில் பிறக்கும் இழைவு அடுக்கிச் சேர்ப்பதில் பிறப்பதில்லை என்பது அவர் அபிப்பிராயம். என் அபிப்பிராயமும் அதுவே.

கீபோர்டிலிருந்து கணினிக்கு ஓசை போவதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடுபட்டது என்கிற சமாசாரங்கள் 0 முதல் 127 வரையிலான எண்களாகப் போகின்றன. ஓசையைக் கணினிக்குள் இருக்கும் வாத்தியமே எழுப்புகிறது. மிடி என்னும் இந்தப் பொதுப் பாஷை, 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ஒரு வாத்தியக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் ப்ராஃபெட்-600 என்ற கருவியும் ரோலண்ட் கம்பெனியின் ஜூபிடர்-6 என்ற கருவியும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு ஒன்றோடொன்று பேசியபோது உலகத்தார் பார்வைக்கு வந்தது. ஒரே கம்பியில் பதினாறு சேனல்கள் தனித்தனியே செல்லலாம் என்று அதை வகுத்தவர்கள் ஆதியிலேயே இடம் வைத்திருந்தார்கள். ஆகவே ஒருவருடைய ஸ்வரம் மற்றொருவருடைய ஸ்வரத்தோடு கலந்துவிடக் கூடாது என்ற கவலை இந்தச் சாதனத்தோடு கூடவே பிறந்தது எனலாம்.

ஆனால் அந்தக் கூடத்திலிருந்த கியூபேஸ் மென்பொருள், புதிதாக ஒரு டிராக்கை, அதாவது பதிவுத் தடத்தைத் திறந்தால், எந்தக் கீபோர்டிலிருந்து எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் நிலையில்தான் அதைத் திறந்து தருகிறது. தனியாக வாசிப்பவருக்கு இது சௌகரியம். இருவர் வாசித்தால் என்ன நேரும் என்பதை எனக்குக் காட்டுவதற்காகவே புரோகிராமர் அதை மாற்றாமல் விட்டு, இருவரையும் வாசிக்கச் சொன்னார். பெரியவர் தோடியில் காந்தாரத்தைத் தொட்டு, ஸ்வரத்தை வளைக்க உதவும் பெண்ட் சக்கரத்தை இடக்கையால் மெல்ல உருட்டி அசைத்தார். அந்தப் பெண் அசையாமல் பிடித்திருந்த ஸட்ஜ பஞ்சமமும் கூடவே சேர்ந்து அசைந்தது!

“என் கமகம் அந்தப் பொண்ணோட ஸ்ருதியையே இழுக்குதே, தம்பி!” என்றார் பெரியவர்.

இதன் சூட்சுமத்தைப் புரோகிராமர் விளக்கினார். கட்டையை அழுத்தும் செய்தி அந்த ஒரு ஸ்வரத்துக்கு உரியது. சக்கரத்தை உருட்டும் செய்தியோ அந்தச் சேனல் முழுவதற்கும் உரியது. நடுநிலையிலிருந்து அது சற்று விலகினாலும், அந்தச் சேனலில் அப்போது ஒலிக்கும் ஸ்வரங்கள் அனைத்தும் சேர்ந்து விலகும். காலடியில் இருக்கும் பெடலும் இப்படியே. ஒருவர் மிதித்தால் மற்றவருடைய ஸ்வரங்களும் விடுபடாமல் நீண்டுகொண்டே போகும். கமகமே உயிராக விளங்கும் நம் சங்கீதத்தில் இருவருடைய வழிகளைப் பிரிக்காமல் வாசிக்க இயலாது என்பது எனக்கு அப்போது விளங்கியது.

பிறகு அவர் பிரித்த விதத்தை நிதானமாகப் பார்த்தேன். வீணை டிராக்குக்குப் பெரியவருடைய கீபோர்டை மட்டும் உள்வழியாகக் கொடுத்தார். ஆர்மோனிய டிராக்குக்கு அந்தப் பெண்ணுடையதை மட்டும். இரண்டும் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரியானவையாதலால், கணினித் திரையில் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றாகவே தெரிந்தன. கம்பியைத் துளை மாற்றிச் செருகினால் புதிய கருவியென்று கணினி மயங்குவதும் உண்டாம். அதற்காக ஒவ்வொரு துளையின் அருகிலும் காகிதத்துண்டு ஒட்டி, எதை எங்கே செருகுவது என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார். அத்துடன் காரியம் முடிந்துவிடவில்லை. இரண்டு வாத்தியங்களும் கணினிக்குள் ஓசை எழுப்பும் ஒரே சாம்ப்ளருக்குள் ஏற்றப்பட்டிருந்தபடியால், வீணையை முதற்சேனலிலும் ஆர்மோனியத்தை இரண்டாஞ்சேனலிலும் நிறுத்தி, டிராக்குகளின் வெளிவழியையும் அதற்கேற்ப அமைத்தார். உள்ளே வரும் வாயிலைப் பிரித்துவிட்டு வெளியே போகும் வாயிலை மறந்தவர்கள் பழைய குழப்பத்துக்கே திரும்புவார்கள் என்று அவர் சொன்னபோது, பல பதிவுகளில் அடிபட்டுத் தேர்ந்த தொழிலாளியின் குரலை அதில் கேட்டேன். இரண்டு டிராக்குகளையும் ஒருங்கே பதிவு நிலையில் வைத்து, விரலுக்கும் செவிக்கும் இடையே தாமதம் தோன்றாதபடி, கணினி ஓசையைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளுக்குக் குறைத்தார். விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் அந்த அளவு மூன்று மில்லி விநாடிக்கும் குறைவு.

“சார், இப்ப நீங்க மட்டும் பெண்ட் பண்ணுங்க” என்றார். காந்தாரம் அசைந்தது, ஸ்ருதி அசையவில்லை. பெரியவர் தலையாட்டினார்.

வாசிப்பு தொடங்கியது. பெரியவர் ஒரு பிடியை விட்டு நிறுத்த, அந்தப் பெண் அதை வாங்கி வேறொரு முடிவுக்குக் கொண்டுபோக, அவர் சிரித்துக்கொண்டே அதற்கு மேல் ஒன்று சொல்ல, எழுதி வைத்துக்கொண்டு வாசித்தால் வராத சங்கதிகள் பல வந்தன. இந்த ஆனந்தத்தில் புரோகிராமருக்கும் பங்கு உண்டு என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

பதிவு முடிந்தபின், ஆர்மோனியத்தை மட்டும் நிஜ ஆர்மோனியத்தில் மறுபடி வாசிக்க வைக்கலாம் என்று இசையமைப்பாளர் தீர்மானித்தார். தடங்கள் தனித்தனியே இருந்தமையால் வீணையைத் தொட வேண்டிய அவசியமே நேரவில்லை. அந்தப் பெண்ணின் தடம் ஆர்மோனிய வித்துவானுக்கு வழிகாட்டியாக எடுத்து வைக்கப்பட்டது. வீணைத் தடத்தில் ஓரிடத்தில் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி விழுந்திருந்த ஒரு ஸ்வரத்தைத் திரையில் காட்டி, “இதை நேர்ப்படுத்திடட்டுமா சார்?” என்று புரோகிராமர் கேட்டார்.

“வேணாம் தம்பி. அது அந்தப் பொண்ணு முடிக்கட்டும்னு நான் வேணும்னே தள்ளி வாசிச்சது” என்றார் பெரியவர். புரோகிராமர் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த தடத்துக்குப் போனார்.