பாரிஸில் 'ஹோட்டல்' தேடினால் ஆஸ்பத்திரி வரும்!

பாரிஸ் மெட்ரோவில் 'ஓத்தெல் த வில்' என்று ஒரு ஸ்டேஷன். பெயர்ப்பலகையை ஆங்கிலம்போல வாசித்தால் ஹோட்டல் என்றுதான் தோன்றும். நம்பிப் பெட்டியோடு படியேறி வந்தால், எதிரே அரண்மனை மாதிரி ஒரு கட்டடம். ரூம் கிடைக்காது. அது மாநகராட்சி அலுவலகம்! 1871-ல் பாரிஸ் கம்யூன் எழுச்சியின்போது எரிந்து, மறுபடி கட்டப்பட்டது.

பாலத்தைத் தாண்டிச் சில நிமிடங்கள் நடந்தால் நோத்ர தாம் தேவாலயம். அதன் பக்கத்திலேயே இன்னொரு ஹோட்டல், 'ஓத்தெல் தியூ'. இங்கேயும் ரூம் கேட்க முடியாது. 651-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆஸ்பத்திரி இது.

விருந்தாளியைக் குறிக்கும் 'ஹோஸ்பெஸ்' என்ற லத்தீன் சொல்தான் எல்லாவற்றுக்கும் மூலம். ஹாஸ்பிட்டல், ஹாஸ்டல், ஹோட்டல் மூன்றும் அதன் பிள்ளைகள். பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் இருந்த 'எஸ்' எழுத்தைக் காலப்போக்கில் விட்டுவிட்டார்கள். அது இருந்த அடையாளமாக 'ஓ'வின் தலையில் சின்னதாக ஒரு கூரை போட்டார்கள். ஆங்கிலமோ 'எஸ்' உள்ள ஹாஸ்டலை முதலில் வாங்கியது, 'எஸ்' போன ஹோட்டலைப் பிற்பாடு வாங்கியது. பிரெஞ்சில் இன்றும் அந்தச் சொல் தங்கும் விடுதிக்கும் உண்டு, மாளிகைக்கும் உண்டு, பொதுக் கட்டடத்துக்கும் உண்டு. நாம் அதை இட்லி சாப்பிடும் இடமாக்கியது தனிக்கதை!

'லிப்ரேரி' என்ற பலகை நூலகமல்ல, புத்தகக் கடை. இதில் ஏமாந்தால் நஷ்டமில்லை. 'பெயின்' விஷயத்தில்தான் கவனம் வேண்டும். நெஞ்சுவலி வந்தவர் அந்த ஆங்கிலச் சொல்லைச் சீட்டில் எழுதிக் காட்டினால், பிரெஞ்சில் அதே எழுத்துகளுக்கு ரொட்டி என்று அர்த்தம். 'ழே மால்' என்றால் 'எனக்கு வலிக்கிறது'. பாரிஸ் போகிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம். அவசர மருத்துவ உதவிக்கு 15-ஐ அழைக்க வேண்டும்.

எழுத்து ஒன்றானாலும் வேர் வேறு. ஆங்கில வலி, தண்டனையைக் குறிக்கும் லத்தீன் 'பொய்னா'விலிருந்து வந்தது. பிரெஞ்சு ரொட்டிக்கு மூலம் 'பானிஸ்'. இந்த பானிஸ் வழிவந்த சொல்தான் போர்த்துகீசியரோடு கப்பலேறி இலங்கையில் 'பாண்' ஆனது.

லண்டன் ரயில் வந்து நிற்கும் கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷாப்பல். 1980-களில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அங்கே இருக்கிறது. லண்டனிலிருந்து வந்திறங்கும் பயணி பேக்கரிப் பலகையில் 'வலி' என்று வாசித்துத் திகைக்கலாம். யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. கடைக்காரர் மூக்கால் உச்சரிக்கும் ரொட்டி, அவர் காதில் கிட்டத்தட்ட 'பாண்' என்றே விழும்.