வாசலுக்கு வெளியே யார் இடம்?

ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய தாமான்களில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு சுற்று வந்து பாருங்கள். வாசலுக்கு வெளியே, தார்ச் சாலையின் மேல் பூச்சாடி நிற்கும். உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி நிற்கும். சிமெண்டு ஊற்றிய பெயிண்ட் டின் நிற்கும். இது என் இடம், இங்கே காரை நிறுத்தாதே என்பதுதான் அத்தனைக்கும் பொருள். எங்கள் வரிசையிலும் இதே காட்சிதான்.

யூ.டி.எம். எனப்படும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1980-களில் இங்கே வந்தது. சுற்றிலும் வரிசை வீடுகள் பெருகின. வாசலுக்குள் ஒரு கார் நிற்கும், நெருக்கினால் இரண்டு. இன்று பிள்ளைகள் வேலைக்குப் போகும் வீட்டில் மூன்று கார் இருக்கிறது. பல வீடுகள் மாணவர்களுக்கு வாடகைக்குப் போய்விட்டன. ஒரு வீட்டில் ஐந்தாறு பேர். ஆளுக்கொரு காரோ மோட்டார் சைக்கிளோ வைத்திருக்கிறார்கள். சாலை மட்டும் அதே அகலம்தான்.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அழைத்துப் போக வரும் வேனுக்கு வாசலில் இடம் இருக்காது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு சாலை முனைவரை நடப்பார். "அந்தப் பையன்களைத் திட்டவும் மனசு வரல தம்பி. எங்க பேரனும் பினாங்குல இப்படித்தானே வாடகை வீட்டுல தங்கிப் படிக்கிறான்" என்று அவர் மனைவி ஒருநாள் சொன்னார்.

அதனால்தான் எங்கள் தாமானில் பெர்மிட் பேச்சு அடிக்கடி எழுகிறது. குடியிருப்பவர்களின் காருக்கு மட்டும் அனுமதி அட்டை, மற்றவர்களுக்குச் சம்மன். புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் ஆர்லிங்டன் என்ற இடத்தில் இப்படிச் செய்ததை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1977-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை தருவது தவறில்லை என்று தீர்ப்பளித்தது.

ஆனால் பெர்மிட் இருந்தால் இடம் நிச்சயம் என்று நினைக்கக்கூடாது. தேடும் உரிமைதான் கிடைக்கும். மதிப்பீட்டு வரி கட்டுவதால் சாலை நமக்குச் சொந்தமாகிவிடாது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46-வது பிரிவுப்படி, பொது இடத்தில் பொருளை வைத்து மறிப்பது குற்றம். பூச்சாடிக்கும் விலக்கில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வாடகைக்கு இருக்கும் மாணவரும் குடியிருப்பவர்தானே? ஆளுக்கொரு பெர்மிட் என்றால் அந்த ஒரு வீட்டுக்கே ஆறு கொடுக்க வேண்டிவரும். சொந்தக்காரருக்கு மட்டும் என்றால், எங்கோ இருந்துகொண்டு வாடகை வாங்குபவருக்குப் பெர்மிட், இங்கே தூங்கி எழுபவருக்கு இல்லை என்றாகும்.

ஆகவே ஆளைப் பார்க்காமல் வீட்டைக் கணக்கிடுவதே நியாயம். யார் குடியிருந்தாலும் வீட்டுக்கு இத்தனை என்று இருக்கட்டும். வாடகைக்கு விடும்போதே வீட்டுக்காரர் அதைச் சொல்லிவிடட்டும். நோயாளி இருக்கும் வீட்டின் முன் வண்டி நின்று ஏற்றிப்போக மட்டும் ஓர் இடம் ஒதுக்கலாம். வெளியார் காருக்குக் கட்டணம் வாங்கினால், அந்தப் பணத்தை அதே தெருவின் கால்வாய்க்கும் விளக்குக்கும் செலவழிக்கலாம். பார்க்கிங் பற்றி 2005-இல் பெரிய நூலே எழுதிய பேராசிரியர் டொனால்ட் ஷூப் வலியுறுத்தியதும் இதைத்தான்.

எங்கள் பகுதி இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றத்தின் கீழ் வருகிறது. அங்கே மனு கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் வீட்டுக்கு இத்தனை என்று எழுதினால் மாணவர்களின் கார் மட்டும் குறையாது, நம் வீட்டின் மூன்றாவது காருக்கும் இடமிருக்காது. அதற்குச் சம்மதிப்பவர்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும்.