முதல் எழுத்தை விழுங்கிய கணனி



எங்கள் பாடசாலைக் கணனி அறையில் லினக்ஸ் மின்ட் 21 போட்ட பழைய கணனிகள் இருப்பது ஊரில் பலருக்குத் தெரியும். அதில் ஒன்றை, பார்வை மிகக் குறைந்த தரம் 10 பிள்ளை ஒருவருக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். ஓர்கா என்ற திரைவாசிப்பான் திரையில் இருப்பதை ஈஸ்பீக் குரலில் தமிழில் வாசிக்கும். ரோபோ குரல்தான், ஆனால் பிள்ளைக்குப் பழகிவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த விசையை அழுத்தினால், வருகிற சொல்லுக்குத் தலை இருக்காது. விரிதாளில் "இருபத்தைந்து" என்று வாசிக்க வேண்டிய இடத்தில் "ஐந்து" மட்டும் கேட்கும். பிள்ளை ஐந்தை வைத்துக் கூட்டும், விடை பிழைக்கும். "அவவுக்குக் கவனமில்லை சேர்" என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஐ.சி.டி. எடுக்கிற பிள்ளைக்கு இந்தப் பெயர் வரவே கூடாது.

ஹெட்போனைக் கையடக்கத் தொலைபேசியில் போட்டுப் பார்த்தோம், குறையில்லை. புதுக் கணனி வாங்கச் சொன்னவர்களும் உண்டு. காசு இருந்தால் வாங்கலாம்தான். ஆனால் பழுது கணனியில் இல்லை.

அந்தக் கணனியில் ஒலியைப் பார்த்துக்கொள்வது பல்ஸ்ஓடியோ என்ற சேவை. 2004இல் லெனார்ட் போட்டரிங் என்பவர் தொடங்கியது. எந்தச் செயலி பேசினாலும் அதை வாங்கி, கலந்து, ஒலி அட்டைக்கு அனுப்புவது இதன் வேலை. திரைக்குப் பின்னால் ஓசையில்லாமல் ஓடும். இப்படிப்பட்ட சேவையைக் கணனிக்காரர்கள் 'டீமன்' என்பார்கள். இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை, "சேர், ஷைத்தானையா உள்ளுக்கு வைத்திருக்கிறோம்?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. அப்படியல்ல. பௌதிகவியலில் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளை ஓயாமல் பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்ன உருவத்திலிருந்து 1963இல் எம்.ஐ.டி.யில் எடுத்த பெயர் அது. பெற்றோர் பயப்பட வேண்டாம்!

இந்தச் சேவைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. 5 செக்கன் சத்தம் எதுவும் இல்லையென்றால் ஒலி அட்டையை உறங்க வைத்துவிடும். மின்சாரம் மிச்சம் பிடிக்க. அடுத்த சொல் வரும்போது அட்டை விழிப்பதற்குள் சொல்லின் முன்பாதி போய்விடும். பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. காதால் படிக்கிற பிள்ளைக்கு அதுதான் முழுப் பாடமும்.

பல்ஸ்ஓடியோ ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக ஓடும். ஆகவே ரூட் அதிகாரம் தேவைப்படவில்லை. ஈடிசி அடைவின் பல்ஸ் உறையில் இருக்கும் டிஃபோல்ட்.பிஏ, டீமன்.கொன்ஃப் என்ற இரண்டு கோப்புகளையும், பிள்ளையின் கணக்கில் .கொன்ஃபிக் அடைவுக்குள் இருக்கும் பல்ஸ் உறைக்கு முழுதாகப் பிரதி எடுத்தோம். முழுதாக என்பது முக்கியம். சொந்தக் கோப்பு இருந்தால் பொதுக் கோப்பை அது திரும்பியும் பார்க்காது.

முதல் கோப்பில் சஸ்பென்ட்-ஒன்-ஐடில் மொடியூலை ஏற்றும் வரியின் முன்னால் # குறி போட்டோம். அவ்வளவுதான், உறக்கம் நின்றது. இரண்டாவதில் எக்ஸிட்-ஐடில்-டைம் என்ற வரியின் முன்னால் அரைப்புள்ளி இருக்கும். அது இருக்கும் வரை அந்த வரி வெறும் குறிப்புத்தான். அதை எடுத்துவிட்டு 20ஐ -1 ஆக்கினோம். வேலையில்லை என்று சேவை தானாக மூடிக்கொள்ளாது.

அந்தக் கணனியில் கரகரப்பும் இருந்தது. டிஃபோல்ட்.பிஏ கோப்பில் யூதேவ்-டிடெக்ட் வரியின் கடைசியில் டிஸ்கெட்=0 சேர்த்தோம். அதன் பிறகுதான் டீமன்.கொன்ஃபில் உள்ள துண்டுக் கணக்கு செல்லுபடியாகும். இயல்பில் 4 துண்டு, ஒவ்வொன்றும் 25 மில்லிசெக்கன், ஆக 100. துண்டைச் சிறிதாக்கினால் விசைக்கும் குரலுக்கும் இடையில் தாமதம் குறையும், ஆனால் பழைய புரொசெசர் திணறிக் கரகரக்கும். 5இல் கரகரத்தது, 10இல் நின்றது. 4 பெருக்கல் 10, 40 மில்லிசெக்கன். பிள்ளை காதால் கேட்டு "இது சரி சேர்" என்று சொன்ன இடத்தில் நிறுத்தினோம். இந்த விடயத்தில் எங்கள் காதை விட அந்தக் காதுதான் நம்பகமானது.

பிறகு டெர்மினலில் பல்ஸ்ஓடியோ -கே கொடுத்தால் சேவை நின்று, புது அமைப்போடு தானாக எழும்பும். டம்ப்-கொன்ஃப் கட்டளை கொடுத்தால் டீமன்.கொன்ஃபில் மாற்றியது உண்மையில் ஏறியிருக்கிறதா என்று காட்டும்.

இப்போது "இருபத்தைந்து" முழுதாக வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். போன திங்கள் கூட்டுத்தொகை முழுவதும் சரி. மடிக்கணனியில் செய்பவர்கள் பற்றரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள். லினக்ஸ் மின்ட் 22 போட்டவர்களுக்கு இந்தக் கோப்புகள் பயன்படாது. அதில் பல்ஸ்ஓடியோவின் இடத்துக்குப் பைப்வயர் வந்துவிட்டது.

இன்னொன்று. அந்தப் பிள்ளையின் ஹெட்போனில் வலது பக்க வயர் விட்டு விட்டு வேலை செய்கிறது. சோல்டரிங் தெரிந்த சகோதரர்கள் யாராவது பாடசாலை விட்ட பிறகு கணனி அறைப் பக்கம் வந்தால் பேருதவி.