கஞ்சமலை அடிவாரமும் ஒரு பெரிய போசியும்

சேலத்திலிருந்து இளம்பிள்ளை பக்கம் போகிறவர்களுக்கு வழித்துணையாக வருவது கஞ்சமலை. அமாவாசை அன்று சித்தர் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் அமைதியாகக் கிடக்கும் இந்த மலைக்குள் இருப்பது இரும்புத் தாது. 1830-களிலேயே ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலம் வட்டாரத்துத் தாதுவை நம்பி, பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார்.

அந்த மலையின் அடிவாரத்தில்தான் சேலம் உருக்காலை இருக்கிறது. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். உற்பத்தி தொடங்கியது 1981-ல். கஞ்சமலைத் தாதுவை உருக்குவோம் என்று பேசித் தொடங்கிய ஆலை, கடைசியில் துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டித் தரும் ஆலையாக உருவெடுத்தது. பல ஆண்டுகள் வெளியிலிருந்து வந்த எஃகைத்தான் இங்கே உருட்டினார்கள். சொந்தமாக உருக்கும் பிரிவு 2010-ல்தான் வந்தது.

ஆலை பாத்திரம் செய்வதில்லை, தகடுதான் தருகிறது. அப்படிப்பட்ட தகடுகளை அழுத்தியும் சுழற்றியும் குடமாகவும் அண்டாவாகவும் மாற்றுவது திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம் போன்ற ஊர்களின் பட்டறைகள். அங்கிருந்து நம்மூர்ப் பாத்திரக் கடைக்கு வருகிறது, நாம் 'எவர்சில்வர்' என்று செல்லமாக அழைக்கும் பொருள்.

ஆடி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் வீடுகளில் பெரிய பாத்திரத்துக்குத் தேவை வந்துவிடும். சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா. தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். பிள்ளைகள் குடும்பத்தோடு ஊருக்கு வருவார்கள். ஒரு கிடா வெட்டினால் எலும்பு ரசமே பத்துப் பேருக்கு வேண்டும். அப்போதுதான் "பக்கத்து வீட்டுப் போசியை வாங்கிட்டு வா" என்ற குரல் கேட்கும். இந்த ஆண்டு சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

காந்தம் சொல்லும் பாதி உண்மை

கடைக்குப் போகும்போது காந்தம் எடுத்துப் போங்கள், ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்பார்கள். சின்ன சோதனை செய்து பாருங்கள். 1990-களில் வந்த சிறிய எஃகு ஒரு ரூபாய் நாணயத்தில் காந்தத்தை வையுங்கள், ஒட்டும். அதுவும் துருப்பிடிக்காத எஃகுதான். நாணயம் அச்சிடுவதற்கான வில்லைகளைச் சேலம் உருக்காலையும் செய்து கொடுத்திருக்கிறது.

காந்தம் ஒட்டுவதும் ஒட்டாததும் உலோகக் கலவையின் வகையைப் பொறுத்தது. குரோமியம் மட்டும் சேர்ந்த 430 வகையில் காந்தம் ஒட்டும். சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த 304 வகையில் ஒட்டாது. விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசையிலும் ஒட்டாது! கடையில் பளபளவென்று குறைந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. காந்தத்தால் இதையும் 304-ஐயும் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல 304 பாத்திரத்திலும் வளைத்து இழுத்த விளிம்பில் காந்தம் லேசாக ஒட்டக்கூடும்.

200 வரிசை உடனே கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். மாவு, தானியம் போட்டு வைக்க அது போதும். ஆனால் உப்பும் புளியும் எலுமிச்சையும் மணிக்கணக்கில் கொதிக்கும் பாத்திரத்துக்கு 304-தான் நீண்ட நாள் தாங்கும். பாத்திரத்தின் அடியில் எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். "304 என்று பில்லில் எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். கடைக்காரர் தயங்கினால் யோசித்து வாங்குங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024-ல் பிறப்பித்தது. அதற்கான தர எண் ஐ.எஸ். 14756. முத்திரையையும் தேடிப் பாருங்கள்.

அடி கனமா, வாய் அகலமா?

எஃகு வெப்பத்தைப் பரப்புவதில் சோம்பேறி. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பம் கடத்தும். மெல்லிய எவர்சில்வரில் கூழ் காய்ச்சினால் தீ படும் இடம் மட்டும் அடிப்பிடிப்பது இதனால்தான். இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்து அழுத்திய கனமான அடிப்பாகம் உள்ள பாத்திரம் இந்தக் குறையைச் சரிசெய்யும். இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கும் எண்ணம் இருந்தால், அடியில் மட்டும் காந்தம் ஒட்ட வேண்டும். காந்தத்துக்கு உண்மையான வேலை இங்கேதான்.

உயரமும் அகலமும் சமமாக உள்ள பாத்திரம் சூப்புக்கும் ரசத்துக்கும் ஏற்றது. வாய் குறுகலாக இருப்பதால் தண்ணீர் மெதுவாக வற்றும், சாறு நிதானமாக இறங்கும். பிரியாணிக்கும் கிளறும் கூழுக்கும் அகலமானதே வசதி.

கொல்லிமலைக்குப் போனவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், சாலையோரக் கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். ஆட்டுக்கால் போல ரோமம் படர்ந்த கிழங்கு அது. தோலைச் சீவி, நறுக்கி இடித்து, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் சேர்த்து வெகுநேரம் கொதிக்க விடுவார்கள். அவசரப்பட்டால் சாறு இறங்காது. குளிரில் அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கும்போது, நிதானமான கொதிப்பின் அருமை தெரியும்.

எத்தனை லிட்டர்?

கடையில் சொல்லும் லிட்டர் கணக்கை நீங்களே சரிபார்க்கலாம். விட்டத்தையும் உயரத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். விட்டம் x விட்டம் x உயரம் x 0.785, அதை 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 24 சென்டிமீட்டர் விட்டமும் உயரமும் உள்ள பாத்திரம் கிட்டத்தட்ட 11 லிட்டர். 28 என்றால் சுமார் 17 லிட்டர். நான்கு சென்டிமீட்டரில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

பொங்கி வழியாமல் இருக்க முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். அப்படிப் பார்த்தால் 17 லிட்டர் பாத்திரத்தில் கிட்டத்தட்ட 13 லிட்டர் கொள்ளும். அதாவது 13 கிலோ கொதிக்கும் திரவம், அதோடு பாத்திரத்தின் எடை. அதை அடுப்பிலிருந்து இறக்கப்போவது யார்? பெரும்பாலான வீடுகளில் அம்மாவோ பாட்டியோதான். விலையைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. வீட்டுக்கு 11 லிட்டர் போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பிடி ரிவெட் அடித்து உறுதியாக இருக்கிறதா, துணியோடு பிடிக்க விரல்கள் நுழைகின்றனவா என்று பாருங்கள். வீட்டு கேஸ் அடுப்பில் பக்கத்து பர்னரை இடிக்காமல் அது உட்காருமா என்று கிளம்பும் முன்பே அளந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு ஒரே ஒரு பழக்கம் போதும். உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகு போட்டுக் கலக்குங்கள். குளிர்ந்த நீரில் போட்டால், அடியில் தங்கும் உப்பு சிறு சிறு புள்ளிகளாக அரிக்கும். வானவில் நிறத்தில் கறை தெரிந்தால் பயம் வேண்டாம், எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போய்விடும்.

பரணில் ஓட்டையும் ஒடுக்குமாகக் கிடக்கும் பழைய எவர்சில்வரை எடைக்குப் போட மறக்காதீர்கள். அது வீணாவதில்லை. உலையில் உருகி மீண்டும் தகடாகும் உலோகம் அது.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்கு எடுத்து வர மாட்டோம். வெட்டும் முன் கடையிலேயே தண்ணீர் ஊற்றி, சமதளத்தில் ஆடாமல் நிற்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பெயர் விழுந்துவிட்டால் மாற்றித் தரமாட்டார்கள். அப்புறம் அது உங்கள் வீட்டுப் போசிதான். அடுத்த ஆடிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்கும்போது, தயங்காமல் எடுத்துக் கொடுங்கள்.