தோல்விக்கு அடுத்த ரவுண்டு: சில குறிப்புகள்

2024 நவம்பர் 25, சிங்கப்பூர். செஸ் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டம். வெள்ளைக் காய்களோடு ஆடிய குகேஷ், அப்போதைய சாம்பியன் டிங் லிரனிடம் தோற்றுவிட்டார். லிஃப்ட் பக்கம் முன்னாள் உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்தைப் பார்த்திருக்கிறார். எனக்கு மிச்சம் இருந்தது 11 ஆட்டம்தான், உனக்கோ 13 இருக்கிறதே என்றாராம் ஆனந்த். இதைக் குகேஷே பிறகு சொன்னார்.

ஆனந்த் சொன்னது 2010இல் சோஃபியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பைப் பற்றி. ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் விமானங்கள் நின்றுபோய், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியாகவே அங்கே போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் டோபலோவிடம் அடி. மறுநாளே திருப்பிக் கொடுத்தார். கடைசி 12ஆவது ஆட்டத்தைக் கறுப்பில் ஜெயித்துப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

ஆனந்தின் அந்த ஒரு வாக்கியத்தில் ஆறுதலே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. வெறும் கணக்கு. "கவலைப்படாதே" என்று கேட்ட பையனுக்குச் செய்ய எதுவும் இருக்காது. 13 ஆட்டம் இருக்கிறது என்று கேட்டவனுக்கு நாளைக்கே வேலை இருக்கிறது.

*

விளையாட்டு உளவியலாளர் டேனியல் கூல்டும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் 10 ஒலிம்பிக் சாம்பியன்கள், எல்லோருக்குமாகச் சேர்த்து 32 பதக்கங்கள். அவர்களிடம் மட்டுமல்ல, பயிற்சியாளர்களிடமும் வீட்டாரிடமும் பேசியிருக்கிறார்கள். பதற்றத்தைக் கையாள்வது, தன்னம்பிக்கை, கவனம் சிதறாமை என்று எதிர்பார்த்தவை எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. அவற்றோடு பேட்டிகளில் அதிகம் அடிபடாத இரண்டும்: சொல்லிக்கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும் குணம், வழி எப்படியும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு.

தன்னம்பிக்கையைப் பற்றி நாம் அளவுக்கு மீறிப் பேசுகிறோம் என்பது என் எண்ணம். ஜெயிக்கும்போது அது எல்லோரிடமும் இருக்கிறது. தோற்ற அன்று ராத்திரி எது மிஞ்சுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

*

2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட். 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றார். பத்தாவது ரவுண்டில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தரோவுக்கு எதிராக ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது, குகேஷ் ஆடிய இந்திய இரண்டாம் அணிக்கு வெண்கலம்.

2024 ஏப்ரல், டொராண்டோ கேண்டிடேட்ஸ், உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்வுசெய்யும் போட்டி. ஏழாவது ரவுண்டில் நேர நெருக்கடியில் ஃபிரோஜாவிடம் தோல்வி. போட்டியை ஜெயிக்கலாம் என்று தோன்றிய தருணம் எது என்று பின்னால் கேட்டபோது, அந்தத் தோல்வியைத்தான் குறிப்பிட்டார். மறுநாள் ஓய்வு நாள், மனசு நன்றாகவே இருந்தது, அந்தத் தோல்வியே ஒரு வேகத்தைக் கொடுத்தது என்றார். எட்டாவது ரவுண்டில் விதித் குஜராத்தியை வென்றார். பதின்மூன்றாவதில் அதே ஃபிரோஜாவை.

பிறவிக் குணம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாமல்லபுரத்துக்கும் டொராண்டோவுக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு வருட உழைப்பு இருக்கிறது. 2011 உலகக் கோப்பை இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த மனப்பயிற்சியாளர் பேடி அப்டன், சிங்கப்பூர்ப் போட்டிக்காகக் குகேஷோடும் வேலை பார்த்தார். மனசுக்கும் பயிற்சி உண்டு என்று குகேஷ் தரப்பு நம்பியிருக்கிறது.

*

இன்னொன்று. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, சின்ன வயதில் குகேஷைக் கம்ப்யூட்டர் இன்ஜின் பக்கமே விடவில்லை. ரேட்டிங் 2500ஐ நெருங்கும்வரை தானே யோசிக்க வேண்டும். இன்ஜின் இருந்தால் எந்த நிலைக்கும் நொடியில் விடை வந்துவிடும். இல்லாவிட்டால் விடை தெரியாமலே அரைமணி நேரம் உட்கார வேண்டும். அந்த உட்காருதல்தான் சிங்கப்பூரில் கைகொடுத்தது. ஆறாவது ஆட்டத்தில் காய்நகர்த்தலைத் திரும்பத் திரும்பச் செய்து டிரா வாங்கியிருக்கலாம். நிலைமை சற்று மோசமாகவே இருந்தும் மறுத்து, ஆட்டத்தை இழுத்தார்.

*

டிசம்பர் 12, பதினான்காவது ஆட்டம். 6½–6½. குகேஷுக்குக் கறுப்பு. இரு பக்கமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் இரண்டு சிப்பாய், டிங்கிடம் ஒன்று. டிராதான் என்று வர்ணனையாளர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். டிரா ஆனால் மறுநாள் டை-பிரேக். குகேஷ் விடவில்லை. டிங் ஒவ்வொரு நகர்த்தலாகத் தற்காத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 55ஆவது நகர்த்தலில் யானையை f2க்குக் கொண்டுவந்தார் டிங். அது தவறு என்று குகேஷுக்கு உடனே உறைக்கவில்லை, வேறொரு நகர்த்தலை ஆடப்போயிருக்கிறார். இன்னொரு முறை பார்த்தார். யானைகள் வெட்டுப்பட்டு, பிஷப்களும் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது ஜெயிக்கிற சிப்பாய் ஆட்டம். மூன்று நகர்த்தலில் எல்லாம் முடிந்தது.

அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. ஐம்பத்தைந்து நகர்த்தல் அளவுக்கு எதிராளியை உட்காரவைத்தவருக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கும். ஜெயித்ததும் அழுதார். அழுதுகொண்டே காய்களைப் பழையபடி கட்டங்களில் அடுக்கினார்.

*

சிறுவர் போட்டிகள் நடக்கும் மண்டபங்களின் வாசலில் பெற்றோர் கூட்டம் நிற்கும். கதவு திறந்து குழந்தை வெளியே வந்ததும் முதல் கேள்வி: "ஜெயிச்சியா?" முகத்தைப் பார்த்தே விடை தெரிந்துவிடும், இருந்தும் கேட்பார்கள். அடுத்த ரவுண்டுக்கு முக்கால் மணி நேரம்தான் இருக்கும். அதற்குள் ஸ்கோர் ஷீட்டைப் பிடுங்கி, எங்கே விட்டாய் என்று விசாரணை வேறு. அந்த முக்கால் மணி நேரம் குழந்தைக்குச் சாப்பிடவும், கொஞ்சம் ஓடியாடவும், நடந்ததை மறக்கவும் வேண்டும். மறக்கத் தெரிந்த குழந்தைகளை நம் கையாலேயே கெடுக்கிறோமே என்று வலிக்கிறது.

*

துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்: இறுதிச் சுற்றில் ஏழாம் இடம். 2008 பெய்ஜிங்: கடைசித் தோட்டாவுக்கு முன் ஃபின்லாந்தின் ஹக்கினெனோடு சமநிலை. சுட்டது 10.8, ஹக்கினென் 9.7. துல்லியத்தின் மீது வெறி கொண்டவர் பிந்த்ரா. கூல்டின் பட்டியலில் இதுவும் இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: அந்த வெறி ஆளைத் தின்றுவிடாமல் வேலைக்கு உதவ வேண்டும்.

*

2025 செப்டம்பர், சமர்கந்து கிராண்ட் ஸ்விஸ். உலக சாம்பியன் குகேஷ் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றார், அதில் ஒன்று 16 வயது அபிமன்யு மிஸ்ராவிடம். டொராண்டோவில் சம்பாதித்த குணம் சமர்கந்துக்குத் தானாக வந்துவிடாது போலிருக்கிறது. எட்டாவது ரவுண்டில் மறுபடி வந்து உட்கார்ந்தார், டிரா செய்தார்.