திரும்பி வந்த 263 பேர்

வேலூர் லாங் பஜார் போனீங்கன்னா, மூட்டை தூக்குறவங்களுக்கும் ஆட்டோ ஹாரனுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் மணிக்கூண்டை நிமிர்ந்து பாருங்க. இங்கிலீஷ்ல ஒரு கல்வெட்டு இருக்கும். முதல் உலகப் போருக்கு இந்த ஊர்ல இருந்து 277 பேர் போனாங்க, 14 பேர் உயிரைக் கொடுத்தாங்கனு சொல்லுது. சரி, மீதி 263 பேர் திரும்பி வந்து என்ன பண்ணாங்க? கல்லுல அது இல்ல.

எனக்கு இந்தக் கேள்வி வரக் காரணம், பக்கத்துல நின்ன என் மாமா. 17 வருஷம் ராணுவம், ஹவில்தாரா வெளியே வந்தவர். வயசு 36. ஊர், கணியம்பாடி பக்கத்துல கம்மவான்பேட்டை. ‘ராணுவப்பேட்டை’னு செல்லப் பேர். பட்டாளத்துக்குப் போற வழி அங்கே சின்னப் பசங்களுக்கே அத்துப்படி. திரும்பி வர்ற வழிதான் ஒண்ணே ஒண்ணு... பேங்க் வாசல்ல செக்யூரிட்டி ஸ்டூல்! மாமாவும் இப்ப நைட் ஷிஃப்ட்தான். 15 வருஷ சர்வீஸ் இருந்தா, மத்திய அரசோட குரூப் ‘சி’ வேலைகள் சிலதுக்கு டிகிரி படிச்ச மாதிரியே எடுத்துப்பாங்க. ‘‘மாதிரி வேணாம் மாப்ள, நிஜமாவே படிக்கணும்’’னார். பி.காம்.

அன்னைக்கு ரெண்டு இடம் ஏறினோம். முதல்ல ஒரு பெரிய தனியார் காலேஜ். மிலிட்டரினு சொன்னதும் காபி, சல்யூட், ‘ஆகஸ்ட் 15-க்கு நீங்கதான் சார் கொடி ஏத்தணும்’. மாமாவுக்கு ஒரே பூரிப்பு. ‘நைட் ஷிஃப்ட் முடிச்சு வர பத்தரை ஆகும்’னு சொன்னதும், ‘அட்டெண்டன்ஸ் 75 சதவிகிதம் சார்...’ அவ்ளோதான். காபி ஆறிடுச்சு.

அடுத்தது, ஃபேன் கிறீச்சிடுற ஒரு ரூம். இக்னோ படிப்பு மையம், ஞாயித்துக்கிழமை வகுப்பு. அங்கே இருந்த மேடம் சல்யூட் எல்லாம் அடிக்கல. ‘கடைசியா எப்ப பரீட்சை எழுதினீங்க?’னு கேட்டாங்க. ‘ப்ளஸ் டூ’னு மாமா முனகினார். 17 வருஷம் பார்டர்ல நின்ன மனுஷன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்ல. மேடம் நிதானமா சொன்னாங்க: மூணு வருஷப் படிப்பை ஆறு வருஷம் வரைக்கும் முடிக்கலாம். அசைன்மென்ட்டுக்கு 30 சதவிகிதம், பரீட்சைக்கு 70. ஜூன்ல முடியலையா, டிசம்பர்ல எழுதுங்க. அப்புறம் அலமாரியில இருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தாங்க. ‘இங்க படிச்ச ஒரு சுபேதாரோடது. அக்கவுன்ட்ஸ் வரலைனு ஓடிப்போகப் பார்த்தார். ஜெராக்ஸ் எடுத்துக்கங்க.’

அங்கேயே சேர்றதுனு முடிவு பண்ணிட்டோம்.

மாமா மட்டும் இல்ல. 2022-ல வந்த அக்னிபத் திட்டத்துல சர்வீஸே நாலு வருஷம்தான். நாலுல ஒருத்தருக்கு மேல நிரந்தரமா வெச்சுக்க மாட்டாங்க. ராணுவப் பயிற்சியையே பாதி கிரெடிட்டா எடுத்துக்கிற டிகிரியை இக்னோ தரும்னு அதே வருஷம் அறிவிச்சாங்க. நம்ம வயசுக்காரங்க நம்ம க்ளாஸ்லயே வந்து உட்காரலாம். மீதிப் பாதிக்கு யார் நோட்டு கொடுப்பாங்கனு பார்த்து அவங்க காலேஜைத் தேடணும்.

போன ஞாயிறு ராத்திரி மாமா போன். ‘‘மாப்ள, நீ இன்ஜினீயர்தானே... டெபிட் எந்தப் பக்கம்டா?’’

எனக்குத் தெரியல. சுபேதார் நோட்டைப் பார்க்கச் சொல்லிட்டேன்.