சோளகமும் வாடையும்: இலங்கையில் ஓர் ஆண்டு

சித்திரை

இலங்கையின் நீளம் சுமார் 430 கிலோமீட்டர்தான். இருந்தும் அதன் இரு கரைகளிலும் ஒரே நாளில் ஒரே வானிலை அமைவது அரிது. நடுவே நிற்கும் மலைநாடே காரணம். ஈரக்காற்று மோதும் பக்கம் நனைகிறது, மறுபக்கம் காய்கிறது. சித்திரையில் எந்தப் பருவக்காற்றும் வலுவாக இல்லை. காலையில் வெயில், பிற்பகலில் இடியுடன் மழை. புத்தாண்டு விடுமுறையில் நுவரெலியாவில் தங்க இடம் கிடைப்பதே கடினம்.

வைகாசி முதல் ஆவணி வரை

இது தென்மேல் பருவக்காற்றின் காலம். வடக்கில் இதைச் சோளகம் என்பார்கள். வட்டவளை, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவு ஊர்களில் ஓராண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டுவதுண்டு; அதில் பெரும்பங்கு இப்போதுதான் கொட்டுகிறது. காலி, ஹிக்கடுவைப் பக்கம் கடலில் இறங்குவது ஆபத்து. நீர்கொழும்பு, சிலாபம் மீனவர்கள் பலர் படகுகளைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோய், வாடி எனும் தற்காலிகக் குடில் அமைத்துத் தொழில் செய்கிறார்கள். சுற்றுலாப் பயணிக்கும் அதுவே சரியான திசை. நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கடல் அடங்கியிருக்கும். அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்கு ஏற்ற அலை எழும். மட்டக்களப்பில் வீசும் கச்சான் காற்று மட்டும் அனல். நண்பகலில் வெளியே அலையாதிருப்பது நல்லது.

ஆவணியில் மின்னேரியாக் குளம் வற்ற வற்ற, ஈரத்தரையில் இளம்புல் முளைக்கிறது. அதைத் தேடி நூற்றுக்கணக்கான யானைகள் கூடுகின்றன. புல்லைக் காலால் உதைத்துப் பெயர்த்து, துதிக்கையில் சுருட்டி, வேர்மண் உதிரும்வரை அடித்த பின்பே வாய்க்குக் கொண்டுபோகின்றன. ஆசியாவில் இதற்கு ஈடான காட்சி அரிது. நல்லூர்த் திருவிழாவும் கண்டிப் பெரஹராவும் பெரும்பாலும் இதையொட்டியே வருகின்றன.

ஐப்பசி, கார்த்திகை

பயணத்துக்கு மிகக் கடினமான மாதங்கள் இவை. வங்கக்கடலில் தாழமுக்கங்கள் உருவாகின்றன. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி இந்தப் பருவத்தில்தான் வந்தது. ஆனால் வறண்ட வலய விவசாயி காத்திருப்பதும் இந்த மழைக்கே: குளங்கள் நிரம்புகின்றன, பெரும்போக விதைப்பு நடக்கிறது.

மார்கழி முதல் பங்குனி வரை

வடகீழ்ப் பருவக்காற்றான வாடை வீசுகிறது. தை வரை கிழக்கில் மழை; தெற்கும் மேற்கும் தெளிந்துவிடும். மிரிசக் கடலில் நீலத் திமிங்கிலங்களைக் காணலாம். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கும் சிவனொளிபாதமலை யாத்திரை வைகாசிப் பௌர்ணமி வரை நீடிக்கிறது. தீவு முழுவதையும் ஒரே பயணத்தில் சுற்ற விரும்புவோருக்கு மாசியே ஏற்றது. கிழக்கில் மழை ஓய்ந்திருக்கும், மேற்கில் இன்னும் தொடங்கியிராது. மலைநாட்டு இரவுகளுக்குக் கம்பளி உடை மட்டும் தேவைப்படும்.